வடகரைப் பட்டணம் – 23: நுங்கம்பாக்கத்துத் தூணும் ராயபுரத்து மணியும்

சென்ற இதழில் ராயபுரம் ரயில் நிலையத்தின் முகப்புத் தூண்களோடு நிறுத்தியிருந்தோம். 1856 ஜூலை 1ஆம் தேதி முதல் அங்கிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் பொதுமக்களுக்கான ரயில் ஓடியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில். அந்தக் கட்டுரையைப் படித்த வாசகர் ஒருவர் கேட்டிருந்த கேள்வி என்னை விடவில்லை: ‘அந்தக் காலத்தில் ரயில் யாருடைய மணிப்படி புறப்பட்டது?’

நல்ல கேள்வி. இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம் என்ற ஏற்பாடு அப்போது கிடையாது. சூரியன் உச்சிக்கு வரும்போது அந்தந்த ஊருக்கு நண்பகல். பம்பாயின் நண்பகல் வேறு, கல்கத்தாவின் நண்பகல் வேறு. மதராசின் நேரத்தைக் கணித்துக் கொடுத்த இடம் நுங்கம்பாக்கத்தில் கூவம் கரையோரம் இருந்த ஒரு வானாய்வுக்கூடம். ராயபுரத்தின் கதையைச் சொல்ல நுங்கம்பாக்கம் போய்த்தான் ஆகவேண்டும். போகிற வழியில், பட்டணத்தின் பழைய தாவரத் தோட்டங்களையும் எட்டிப் பார்த்துவிடலாம். இரண்டுமே வடகரையின் கடலாலும் ரயிலாலும் வளர்ந்தவை.

முதலில் கடல். மதராசுக்குத் துறைமுகமே இல்லாத காலம் அது. கப்பல்கள் கரைக்கு வரமுடியாது. அலைகளுக்கு அப்பால் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும். கயிற்றால் தைத்த மசுலாப் படகுகளில்தான் ஆளும் சரக்கும் கரையேறவேண்டும். ஐப்பசி, கார்த்திகைப் புயல் வந்தால் நங்கூரம் அறுந்த கப்பல் கரையில் மோதும். 1746 அக்டோபரில் மதராசைப் பிடித்து உட்கார்ந்திருந்த பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொன்னேயின் கப்பல்களை நாசம் செய்தது இந்தக் கடல்தான்.

நடுக்கடலில் ஒரு மாலுமிக்குத் தான் வடக்கே எவ்வளவு, தெற்கே எவ்வளவு என்று தெரிந்துகொள்வது எளிது. சூரியனின் உயரத்தை அளந்தால் போதும். கிழக்கே எவ்வளவு என்பதுதான் சங்கடம். அதற்கு மணி தெரியவேண்டும். பூமி நாலு நிமிடத்தில் ஒரு பாகை சுழல்கிறது. கப்பலில் இருக்கும் கடிகாரம் நாலு வினாடி பிசகினால், கணக்கு ஏறக்குறைய ஒரு கடல் மைல் பிசகிவிடும். சோழமண்டலக் கரையின் ஊர்கள் சரியாக எந்தத் தீர்க்கரேகையில் இருக்கின்றன என்பதே கிழக்கிந்தியக் கம்பெனியின் வரைபடங்களில் உறுதியாக இல்லை. வானத்தை அளக்காமல் கரையைக் குறிக்கமுடியாது என்ற நிலை.

1786இல் வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி எழும்பூரில் தன் வீட்டுத் தோட்டத்திலேயே இரும்பாலும் மரத்தாலும் ஒரு வானாய்வுக்கூடம் அமைத்தார். அவருடையது தனிப்பட்ட ஆர்வம். தாயகம் திரும்பும் வேளையில் கருவிகளை அரசிடம் கொடுத்துவிட்டார். அவற்றை வாங்கி வேலைக்கு வைத்தவர் மைக்கேல் டாப்பிங். கடற்கரை அளவையாளர். சோழமண்டலக் கரையை நெடுக அளந்தவர். அப்போதைய ஆளுநர் சார்லஸ் ஓக்லியின் ஆதரவோடு, நுங்கம்பாக்கத்தில் 1792இல் அவர் கட்டிய கூடம் 40 அடி நீளமும் 20 அடி அகலமும் கொண்ட ஒரே ஓர் அறை. வானியல், புவியியல், கப்பலோட்டம் மூன்றையும் வளர்ப்பது அதன் நோக்கம் என்று கம்பெனி எழுதிவைத்தது. மூன்றில் மூன்றாவதுதான் பணம் கொடுக்க வைத்தது என்பது என் கணிப்பு.

அந்த இடத்தை இன்றும் பார்க்கலாம். ராயபுரத்தில் ஏறிக் கடற்கரை நிலையத்தில் இறங்கி, தாம்பரம் போகும் மின்சார ரயிலைப் பிடித்தால், பெட்ரியின் எழும்பூரைக் கடந்து நுங்கம்பாக்கம் வந்துவிடும். அங்கிருந்து கல்லூரிச் சாலை பக்கம்தான். மழைக்காலத்தில் தொலைக்காட்சியில் நாம் தினமும் கேட்கும் ‘நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மையம்’தான் அந்த வளாகம். அரசு அலுவலகம் என்பதால் வாசலில் கேட்டு அனுமதி பெற்று உள்ளே போகவேண்டும்.

டாப்பிங்கின் அறை இப்போது இல்லை. அறையின் நடுவே நின்ற கருங்கல் தூண் நிற்கிறது. பத்து டன் எடை. அடியில் பருத்து மேலே போகப் போகச் சிறுக்கிறது. தொட்டுப் பார்த்தால், நம் கோயில் மண்டபத் தூண்களைப் போன்ற மெருகு கிடையாது. அழகுக்காக நிறுத்திய கல் அல்ல அது. அறையில் ஒருவர் நடந்தாலே தரை அதிரும், அந்த அதிர்வு தொலைநோக்கியில் விண்மீனை ஆட்டிவிடும். அதிராத ஒரு பீடம் வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு கனமான கல். அதன் தலையில்தான் கருவி பொருத்தப்பட்டிருந்தது. தூணில் டாப்பிங்கின் பெயரும் 1792 என்ற ஆண்டும் லத்தீனில் இருக்கின்றன. தமிழிலும் தெலுங்கிலும் கூட எழுத்து வெட்டியிருக்கிறார்கள். ஆசியாவில் கணித அறிவியல் பிரிட்டிஷாரின் தாராளத்தால் முதன்முதலில் எப்போது நடப்பட்டது என்பதை ஆயிரம் ஆண்டு கழித்து வருகிறவர்களும் அறியவேண்டும் என்பது, இப்படிக் கல்லில் எழுதியதற்கு அக்காலத்தவர் சொன்ன காரணம்.

‘முதன்முதலில்’ என்பதற்குப் பிறகு வருகிறேன். அங்கே நடந்த வேலையை முதலில் பார்ப்போம்.

தொலைநோக்கியின் கண்ணாடிக்குள் சிலந்தி இழைகளைச் செங்குத்தாக இழுத்துக் கட்டியிருப்பார்கள். வானைப் பார்க்கிறவர் பக்கத்தில் ஊசல் கடிகாரம் ஓடும். விண்மீன் மெல்ல நகர்ந்து இழையைக் கடக்கும் நொடியைக் கண்ணால் பார்க்கவேண்டும். அதே வேளையில் கடிகாரத்தின் தட்டலைக் காதால் எண்ணவேண்டும். இரண்டு தட்டலுக்கு நடுவில் கடந்தால், வினாடியில் எத்தனை பங்கு என்பதை மனத்தால் பிரித்துச் சொல்லவேண்டும். இது ஒரு முறை செய்யும் வேலை அல்ல. இரவு இரவாக, வருடக்கணக்காக. 1830இல் பொறுப்பேற்ற தாமஸ் கிளான்வில் டெய்லர் 1844இல் வெளியிட்ட விண்மீன் பட்டியலில் 11,015 விண்மீன்களின் இருப்பிடம் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் இப்படிக் கண்ணும் காதும் இருந்தன.

டாப்பிங் 1796இல் மசூலிப்பட்டினத்தில் காய்ச்சலில் இறந்துபோனார். (1794இல் அவர் தொடங்கிய அளவைப் பள்ளிதான் கிண்டி பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது.) அடுத்து வந்தவர் அவருடைய உதவியாளர் ஜான் கோல்டிங்காம். வியாழனின் துணைக்கோள்கள் மறைந்து வெளிப்படும் நேரத்தைக் குறித்துக் குறித்து, மதராசின் தீர்க்கரேகையைக் கணித்தார். கோட்டையிலும் பரங்கிமலையிலும் சுட்ட பீரங்கிகளின் ஒளிக்கும் ஓசைக்கும் உள்ள இடைவெளியை அளந்து, காற்றில் ஒலி போகும் வேகத்தையும் கண்டறிந்தார். வெப்பமும் ஈரமும் கூடினால் வேகம் மாறுகிறது என்பது அந்தக் கணக்கில் தெரிந்தது.

1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்குப் பக்கத்தில் தன் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அங்கே தொடங்கிய இந்தியாவின் முக்கோண அளவை முழுவதும் இந்தக் கூடத்தின் தீர்க்கரேகையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. தந்தி வந்த பிறகு சரிபார்த்தபோதுதான், ஏறத்தாழ இரண்டரைக் கலை (ஒரு பாகைக்கு அறுபது கலை) அளவு பிழை இருப்பது தெளிவானது. தரையில் சுமார் நாலரை கிலோமீட்டர். ஊருக்கும் ஊருக்கும் உள்ள தூரம் சரி. தேசம் மொத்தமும் வரைபடத்தில் அவ்வளவு கிழக்கே தள்ளி உட்கார்ந்திருந்தது. அந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டால் ராயபுரம் கடலுக்குள் கிடக்கும்.

ஆனாலும் நேரம் சொல்வதில் நுங்கம்பாக்கம் பேர் வாங்கியது. இரவு 8 மணிக்குக் கோட்டையில் பீரங்கி வெடிக்கும். பட்டணம் அதைக் கேட்டுக் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளும். கப்பல்களுக்கும் அதுவே அடையாளம். தந்திக் கம்பி வந்ததும் மதராஸ் நேரம் வெளியூர்களுக்கும் போயிற்று. கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னால் நிற்பது மதராஸ் நேரம். பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் நடுவில் விழுவதால், 1870களிலிருந்து இந்திய ரயில்வேக்களுக்குப் பொது நேரமாக அதுவே பயன்பட்டது. பம்பாயில் வண்டி ஏறுகிறவர்கூட மதராஸ் மணியைப் பார்த்துத்தான் நிலையத்துக்குப் போகவேண்டியிருந்தது. 1906 ஜனவரி 1 முதல் ஐந்தரை மணி நேரக் கணக்கில் இந்திய நேரம் வந்தபோது, மதராசின் கடிகாரங்கள் ஒன்பது நிமிடம் முன்னால் தள்ளி வைக்கப்பட்டன.

பிற்காலத்தில் திருவொற்றியூரிலும் பெரம்பூரிலும் ஆலைச் சங்கு ஊதி நம் பாட்டன்மாரை எழுப்பிய மணிக்கு மூலம் இதுதான். வினாடியைப் பிரித்து வேலை வாங்கும் வழக்கம் இந்தக் கரைக்கு விண்மீன்களின் வழியாக வந்தது.

இப்போது அந்த ‘முதன்முதலில்’. கோல்டிங்காம் இல்லாத சில ஆண்டுகள் இந்தக் கூடத்தைப் பார்த்துக்கொண்டவர் ஜான் வாரன் என்ற பிரெஞ்சுக்காரர். நம்மவர்கள் காலத்தைக் கணிக்கும் முறைகளைத் தேடித் தேடிப் படித்தார். ‘காலசங்கலிதம்’ என்று அவர் எழுதிய நூல் 1825இல் மதராசில் அச்சாயிற்று. புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைச் சந்தித்ததை அவர் பதிந்திருக்கிறார். அந்தக் கணிதர் காகிதத்தையோ எழுதுகோலையோ தொடவில்லை. தரையில் சோழிகளை அடுக்கினார். மனப்பாடமாக இருந்த வாக்கியங்களிலிருந்து எண்களை எடுத்தார். 1825 மே மாதக் கடைசியில் வந்த சந்திர கிரகணத்தைக் கணித்துச் சொல்லிவிட்டார். கிரகணம் தொடங்கும் நேரம் சில நிமிட வித்தியாசத்தில் சரியாக வந்தது. முடியும் நேரத்தில் பிசகு அதிகம். இருபதாம் நூற்றாண்டில் கணித வரலாற்றாசிரியர் ஓட்டோ நியூகபாவர் இந்தச் சோழிக் கணக்கை எடுத்து ஆராய்ந்து, பாபிலோனியக் காலத்துக்குப் போகும் முறைகளின் சாயலை அதில் கண்டார். கணிதம் 1792இல் இங்கே நடப்படவில்லை. தழைத்து நின்ற இடத்தில்தான் அந்தத் தூணை நட்டார்கள்.

இரண்டு மரபும் ஒரே ஆளிடம் சந்தித்தன. அவர் பெயர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பம். இளம் வயதிலேயே இந்தக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, முதல் உதவியாளராக உயர்ந்தார். 1861இல் வானியலாளராக வந்த நார்மன் பாக்சன் அதே ஆண்டு ஏப்ரலில் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார். ஆசியாவிலிருந்து கண்டறியப்பட்ட முதல் குறுங்கோள் என்பதால் அதற்கு ‘ஆசியா’ என்றே பெயரிட்டார். பாக்சனின் காலத்தில் இரவுகளின் பெரும் சுமையைத் தாங்கியவர் ரகுநாதாச்சாரி. 1867இல் தென்வானத்தில் ரெட்டிகுலம் என்ற மண்டலத்தில், ஒளி கூடிக் குறையும் ஒரு விண்மீனைக் கண்டார். நவீன கருவியைக் கொண்டு இந்தியர் ஒருவர் செய்த முதல் வானியல் கண்டுபிடிப்பு என்று அதைச் சொல்கிறார்கள். 1872இல் லண்டன் ராயல் வானியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது.

அவர் செய்ததில் எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. 1874 டிசம்பர் 9ஆம் தேதி வெள்ளி, சூரியனின் குறுக்கே கடந்தது. அது என்ன, எப்படிப் பார்க்கவேண்டும் என்று பொதுமக்களுக்காக ஆங்கிலத்திலும் இந்திய மொழிகளிலும் சிறு நூல் போட்டார். கருவியால் பார்த்ததை வைத்துப் பஞ்சாங்கத்தைத் திருத்தவேண்டும் என்று வாதாடி, தானே ஒரு திருக்கணிதப் பஞ்சாங்கத்தையும் வெளியிட்டார். இன்றும் நம் வீடுகளில் சனிப்பெயர்ச்சிக்கு வாக்கியமா திருக்கணிதமா என்று பேச்சு வருகிறதே, அந்த வழக்கை மதராசில் முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் அவர். 1880இல் காலமானார்.

தோட்டங்களுக்கு வருவோம். கல்லூரிச் சாலைக்கு எட்டிய தூரத்திலேயே ஆண்டர்சன் சாலை இருக்கிறது. ஜேம்ஸ் ஆண்டர்சன் கம்பெனியின் தலைமை மருத்துவர். நுங்கம்பாக்கத்தில் அவர் வைத்திருந்த பெரிய தோட்டத்தில் மல்பெரியும் பருத்தியும் வெளிநாட்டுச் செடிகளும் வளர்ந்தன. அவருக்கு இருந்த தீராத ஆசை, சிவப்புச் சாயம் தரும் கொச்சினீல் பூச்சியை இங்கே வளர்ப்பது. மெக்சிகோவில் ஸ்பெயின்காரர்கள் பொத்திப் பாதுகாத்த ரகசியம் அது. பூச்சிக்குத் தீனியாகச் சைதாப்பேட்டையில் சப்பாத்திக் கள்ளித் தோட்டமே போட்டார்கள். 1795இல் பிரேசிலிலிருந்து கப்பலில் கல்கத்தாவுக்கு வந்த பூச்சி, பிறகு இங்கும் வந்தது. வந்தது உயர்ந்த ரகம் அல்ல. எதிர்பார்த்த சாயத்தைத் தராமல், கண்ட கள்ளியை எல்லாம் அழித்துத் தள்ளியது. தோட்டத்தைக் கலைத்து, செடிகளில் பலவற்றைப் பெங்களூர் லால்பாக்குக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு பூச்சியை வைத்து ஒரு களையை ஒழிக்கலாம் என்ற பாடத்தை உலகம் இந்தத் தோல்வியிலிருந்துதான் கற்றது.

1835இல் தொடங்கிய வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் இடம் கதீட்ரல் சாலையில் இருக்கிறது. இன்று அங்கே செம்மொழிப் பூங்கா, 2010இல் திறந்தார்கள். அதற்கு முன் அதே மண்ணில் டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் இருந்ததைப் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். எதிர்ப்புறம் 2024இல் கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவும் வந்துவிட்டது. சங்கத்தைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் ராபர்ட் வைட் என்ற மருத்துவர். 1838 முதல் 1853 வரை அவர் வெளியிட்ட தென்னிந்தியத் தாவரப் படத்தொகுதியில் 2,101 படங்கள். அவற்றுக்கு மூலமாக இருந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு ஓவியர்கள். ஒரு பூவின் மகரந்தத் தாளைப் பிரித்து வைத்து, உருப்பெருக்கியில் பார்த்து, மயிர்க்கோடாக வரைந்த கைகள் அவர்களுடையவை. வைட் நன்றி மறக்காதவர். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே சூட்டினார். இந்த நகரத்தில் எத்தனையோ துரைமார் பேரில் சாலை இருக்கிறது. கோவிந்துவுக்கும் ரங்கையாவுக்கும் ஒரு சந்துகூட இல்லை என்பது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது.

ராயபுரம் மறுபடியும் இங்கேதான் வருகிறது. ரயில் ஓடத் தொடங்கிய அதே 1856இல் ஹியூ கிளெகார்ன் மதராஸ் மாகாணத்தின் வனப் பாதுகாவலராக நியமிக்கப்பட்டார். மருத்துவக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர். தோட்டக்கலைச் சங்கத்தோடும் நெருங்கியவர். அவருக்கு முதல் தலைவலி ரயில்தான். தண்டவாளத்துக்கு அடியில் போடக் கட்டை வேண்டும், எஞ்சினுக்கு எரிக்க விறகு வேண்டும். காடுகள் கரைந்தன. அந்தப் பசிக்குப் பதிலாகத்தான் கடலோர மணலில் சவுக்குத் தோப்புகள் பரவின. எண்ணூருக்கு வடக்கே நாம் பார்க்கும் சவுக்கை இந்த மண்ணிலேயே பிறந்த மரம் என்று நினைத்துவிடுகிறோம். அது எஞ்சினுக்காக வந்த மரம். பக்கிங்ஹாம் கால்வாயில் படகு படகாக விறகு பேசின் பிரிட்ஜுக்கு வந்த கதையை இந்தத் தொடரின் தொடக்கத்திலேயே சொல்லியிருக்கிறேன்.

1899இல் வானாய்வு கொடைக்கானலுக்கு மாறியது. பெட்ரி காலத்து ஷெல்டன் கடிகாரமும் கூடவே மலையேறி, அங்கே இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் தங்கியது வானிலை. 1796இல் கோல்டிங்காம் தொடங்கிய பதிவுகளின் தொடர்ச்சி அது. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவானால் சென்னை, எண்ணூர்த் துறைமுகங்களில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றவேண்டும் என்ற தகவல் இன்றும் கல்லூரிச் சாலையிலிருந்துதான் போகிறது. கப்பலுக்காகக் கட்டிய இடம் கப்பலுக்கான வேலையை விடவில்லை. காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போகிறவர்களின் உயிர் அந்தத் தகவலில் இருக்கிறது.

தோட்டத்துக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. செடிகளை வேலிக்குள் காப்பாற்றிய நகரம் எண்ணூர்க் கழியின் வெண்கண்டல் காட்டைக் காப்பாற்றவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய், அந்த மரங்களின் மூச்சுவேர்களில் கறுப்பாகப் படிந்தது. புயல் வருவதை நுங்கம்பாக்கம் முன்கூட்டியே சொல்லிவிட்டது. எண்ணெயை யாரும் சொல்லவில்லை.

மரத்தையும் விண்மீனையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க விரும்புகிறவர்கள் திருவொற்றியூருக்குப் போகவேண்டும். தியாகராஜர் கோயிலின் தலமரம் மகிழம். சுந்தரர் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்தது அதன் நிழலில் என்பது பெரியபுராண வரலாறு. அந்தக் கோயிலின் பிராகாரத்தில் அசுவினி முதல் ரேவதி வரை 27 நட்சத்திரத்துக்கும் 27 லிங்கங்கள் உள்ளன. தத்தம் நட்சத்திரத்தைத் தேடி விளக்கேற்றுகிறவர்களில் எத்தனை பேருக்கு, அதே விண்மீன்களைச் சிலந்தி இழையில் பிடித்து எண்ணிய ரகுநாதாச்சாரியின் பெயர் தெரியும்?

தெற்கு ரயில்வேக்கு ஒரு வேண்டுகோள். ராயபுரம் நிலையத்தின் பழைய முகப்பில் ஒரு கடிகாரம் மாட்டுங்கள். இன்றைய நேரத்துக்கு ஒன்பது நிமிடம் பின்னால், பழைய மதராஸ் நேரத்தைக் காட்டும் கடிகாரம். கீழே ஒரு பலகையில் அது ஏன் அப்படி ஓடுகிறது என்று தமிழில் நாலு வரி எழுதி, சிந்தாமணி ரகுநாதாச்சாரியின் பெயரையும் போடுங்கள். செலவு பெரிதல்ல. வடசென்னைப் பள்ளி ஆசிரியர்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்து நிற்க ஓர் இடம் கிடைக்கும்.

(தொடரும்)